அன்னப் படகு மோல்டைத் துடைத்த கதை

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் கொல்கத்தாவின் குளங்களில் மிதக்கிற அன்னப் பெடல் படகுகளில் பாதி என் பட்டறையில் பிறந்தவை. பாலிகஞ்ச் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட இடம். தொழிலை யாரும் சொல்லித் தரவில்லை, நானே கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன். அப்பேர்ப்பட்ட எனக்கே இந்த மழைக்காலத்தில் சோறு இறங்கவில்லை.

ஃபைபர் படகு பணியாரம் மாதிரிதான். குழியில் எண்ணெய் தடவாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் குழிக்கு மோல்டு என்று பேர். எண்ணெய்க்குப் பதில் வேக்ஸ் என்கிற மெழுகு. மோல்டு பளபளத்தால்தான் படகு பளபளக்கும். கடைசியாக எடுத்த படகு பால் ஆடை படிந்ததுபோல் மங்கி வந்தது. சிறகில் இறகுக் கோடுகளையே காணோம். பூங்காக்களுக்குப் படகு விடும் பெங்காலி காண்டிராக்டர் தடவிப் பார்த்துவிட்டு, “தாதா, இது அன்னமா, வாத்தா?” என்றார். தாதா என்றால் பெங்காலியில் அண்ணன். மோல்டு அவருடையது. அதை வார்க்க உதவிய மூலப் படகு இப்போது இல்லை, கெட்டால் வேறு மோல்டு எடுக்க வழியில்லை. அடுத்ததும் இப்படி வந்தால் மோல்டை ஹவுராவிலுள்ள வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லிப் போனார். துர்கா பூஜைக்கு முன் எனக்கு வேறு வேலை எதுவும் கையில் இல்லை.

விசாரித்தேன். சாயங்காலம் என்னிடம் வேலை பார்க்கும் மிஸ்திரி வேக்ஸ் போடுகிறான். அவனை நம்பாமல் காலையில் என் மைத்துனன் ஒரு கை போடுகிறான். இருவரையும் நம்பாமல் நான் ஒரு கை. ஒட்டிவிடுமோ என்ற பயத்தில், ஈரக்காற்றில் காயாத பூச்சின் மேலேயே பூச்சு ஏறி மஞ்சளாய் இறுகிக் கிடந்தது.

மிஸ்திரி தேய்த்தெடுக்க வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை எடுத்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். மோல்டில் ஒரு கீறல் விழுந்தால் இனி வரும் எல்லாப் படகிலும் அந்தக் கீறல் இருக்கும்.

“அத்தான், பாலிஷ் மெஷின வச்சு ஒரு ஓட்டு ஓட்டினா முடிஞ்சிரும்லா” என்றான் மைத்துனன்.

“மோல்டும் சேந்துல்லா முடிஞ்சிரும், மாப்ள.”

பட்டறையைத் திறந்துபோட்டு, பீடி பிடிப்பவர்களை வெளியே அனுப்பினேன். வேக்ஸைக் கரைத்து மோல்டைக் கழுவும், சட்டென்று தீப்பிடிக்கும் திரவத்தை முதலில் படகு படியாத ஓரத்தில் தடவி, அடியிலுள்ள பளபளப்பைத் தின்கிறதா என்று பார்த்தேன். தின்னவில்லை. என் பழைய வேட்டிகளைக் கிழித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணியால் தடவி, காய்வதற்குள் இன்னொரு துணியால் துடைத்தோம். காயவிட்டால் கரைந்த அழுக்கு திரும்ப அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இறகுக் கோடுகளுக்கு மூங்கில் சீவலில் துணி சுற்றிக்கொண்டோம். டியூப்லைட்டின் பிம்பம் மோல்டில் நேராக விழுந்தால் அந்த இடம் சுத்தம். நெளிந்தால் மறுபடியும் துணி.

அது முடிந்ததும் வேறு பயம் பிடித்தது. மோல்டு இப்போது வெறும் உடம்பு. படகு ஒட்டினால் பிரிக்கும்போது இரண்டும் உடையும். மெல்லிசாக வேக்ஸ் இட்டு, காயவிட்டு, துடைத்து, மறுபடி இட்டோம். டேப்பை ஒட்டி இழுத்தேன், வழுக்கி வந்தது. ஆனாலும் இன்னொரு பூச்சுக்குக் கை அரித்தது. மைத்துனன் வேக்ஸ் டப்பாவைத் தன் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

“போதும் அத்தான். இனி தொட்டீங்கன்னா வாத்துதான்.”

புதுப் படகை வார்த்து, மோல்டிலிருந்து பிரிக்கிற அன்று காண்டிராக்டரும் வந்து நின்றார். மோல்டுக்கும் படகுக்கும் நடுவே ஆப்பு வைத்தோம். அசையவில்லை. இடுக்கில் தண்ணீர் ஊற்றி ரப்பர் சுத்தியலால் தட்டினோம். கழுத்துப் பக்கம் ‘படக்’ என்றது. உடைந்தது மோல்டா, படகா? இரண்டும் இல்லை, படகு விட்டுக்கொடுத்த சத்தம். தூக்கினோம், வந்துவிட்டது.

அவர் நகத்தால் இறகு இறகாகத் தடவினார். பாராட்டவில்லை. அடுத்தது எப்போது என்று மட்டும் கேட்டார். இந்த ஊரில் இதைச் செய்ய என்னைவிட்டால் ஆளில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் காரில் ஏறிவிட்டார். நான் லைட்டைப் பிடித்து மோல்டின் கழுத்துப் பகுதியைப் பார்த்தேன். கீறல் இல்லை. நம்பிக்கை வராமல் மறுபடி பார்த்தேன்.

அடுத்த படகுக்காக மிஸ்திரி வேக்ஸ் டப்பாவைத் திறந்தபோது, மைத்துனன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தான். நானும் ஒன்றை இழுத்துப் போட்டேன், இரண்டு பேரையும் பார்க்கிற மாதிரி.