மாமாவுக்குப் போன இங்கிலீஷ் மெசேஜ்

தம்பிக்குக் காது குத்த நாள் குறித்தாயிற்று. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிற ஒரே மாமாவோ பெங்களூரில் இருந்தார். ஒரு கல்யாணப் பந்தியில் வாய்த்தகராறு முற்றியதிலிருந்து அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் வராவிட்டால் ஊர் முன்னால் அம்மாவுக்குத்தான் தலைகுனிவு.

போனில் பேச அப்பாவை ரோஷம் விடவில்லை. மெசேஜ் அனுப்பலாம் என்றார், அதுவும் இங்கிலீஷில். தமிழ் என்றால் ‘வா’ என்பதா, ‘வாங்க’ என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். ஒன்று உறவு கொண்டாடுவதாகிவிடும், மற்றது இறங்கிப் போனதாகிவிடும். இங்கிலீஷில் அந்தத் தொல்லை இல்லை. ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியம் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதலில் ‘டியர்’ போட்டேன். அப்படியென்றால் அன்பு என்றதும், அப்பா தறியை நிறுத்தாமலே வேண்டாம் என்றார். ‘ரெஸ்பெக்டட்’ என்றால் மரியாதை. தன்னைவிடச் சின்னவனுக்கு அது எதற்கு என்றார். ‘ஹாய்’ என்றால் என்ன என்று கேட்டார். அதற்கு அர்த்தமே இல்லை என்றேன்.

“அப்ப அதையே போடு.”

வீட்டுக்கு வரச் சொல்ல ‘டு’, விசேஷத்துக்கு வரச் சொல்ல ‘ஃபார்’ என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு விசேஷத்துக்கு என்றே போடச் சொன்னார். பதிலும் அதே மாதிரி வந்தது: ஹாய், வில் கம் ஃபார் ஃபங்ஷன்.

தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.

“விசேஷத்துக்கு மட்டுமா? அப்ப கோயிலோட போய்டுவான். நம்ம வீட்ல கை நனைக்க மாட்டான்.”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா தறியை விட்டு எழுந்து வந்தார்.

“எத்தினி நாளைக்கு ஹாய் சொல்லிகினு இருக்கறது? மச்சான்னு போடுடி. நம்ம வீட்டுக்கு வரச் சொல்லு, ஜல்தி.”

இங்கிலீஷுக்கு நடுவில் மச்சானா என்று எவ்வளவோ மன்றாடினேன். கேட்கவில்லை. நல்ல மெசேஜ் பாழாய்ப் போனது.

காதுகுத்துக்கு முந்தின நாள் காலையிலேயே மாமா பையும் கையுமாக ஆரணியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பெங்களூரில் நாலு பேரிடம் காட்டிச் சிரித்திருப்பாரோ என்று எனக்கு மானம் போய்விட்டது. அவர் சாப்பிடும்போது பக்கத்தில் போய், அந்த மச்சானைப் போட்டது நான் இல்லை, அப்பாதான் பிடிவாதமாகப் போடச் சொன்னார் என்று காதோடு சொன்னேன்.

மாமா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தபடியே அம்மாவிடம் இன்னும் இரண்டு இட்லி கேட்டார். அன்றைக்குத் தேங்காய்ச் சட்னிதான், காரமே கிடையாது. அதற்குப்போய் மாமாவுக்கு ஏன் கண் கலங்கியது என்று எனக்கு விளங்கவில்லை.