எட்டுப் பேருக்கு ஒரு சாம்பார்

நானூறு பேருக்குச் சாம்பார் வைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். எட்டுப் பேருக்கு வைக்கச் சொன்னால் உப்பு எவ்வளவு போடுவது என்றே எனக்குத் தெரியாது. இது தெரியாமல்தான் அரசுப் பள்ளி பி.டி. வாத்தியார் ஒருநாள் என் கேண்டீனுக்கு வந்து, "மாஸ்டர், எங்க சாரணப் பசங்களுக்கு நீங்கதான் சமையல் பேட்ஜ் சொல்லிக்குடுக்கணும்" என்று குண்டைத் தூக்கிப் போட்டார்.

செல்போனைப் பவுச்சில் போட்டு எல்லாரும் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையின் கேண்டீனை நான் காண்ட்ராக்ட் எடுத்து நடத்திக்கொண்டிருந்தேன். சாரணர்களுக்கு ஒவ்வொரு திறமைக்கும் ஒரு துணி பேட்ஜ் உண்டு. சட்டைக் கையில் தைத்துக்கொள்வார்கள். அந்தந்த வேலை தெரிந்த வெளியாள் ஒருவர் இலவசமாக வந்து கற்றுக்கொடுக்க வேண்டும். சைக்கிள் பேட்ஜுக்கு பஞ்சர் கடைக்காரர். முதலுதவிக்கு ஒரு கம்பவுண்டர். தீயணைப்புக்கு எங்கள் ஆலை சேஃப்டி ஆபீசர். மனுஷன் 'புகை பிடிக்காதீர்' போர்டுக்குக் கீழே நின்றுதான் சிகரெட் பற்றவைப்பார். இந்த வரிசையில் நான் மட்டும் எதில் குறைச்சல்? சரி என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் போனால், எட்டுப் பையன்கள் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். அவர்கள் வழக்கப்படி இடது கையை நீட்டிக் கை குலுக்கினார்கள். எனக்கு அது வசதிதான், வலது கையில் எப்போதும் ஒரு கரண்டி இருக்கும். அவர்களுக்குத் தலைவன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். மற்ற பேட்ஜ் எல்லாம் வாங்கிவிட்டான், சமையல் ஒன்றுதான் பாக்கி. அதையும் வாங்கிவிட்டால் ஏலகிரியில் நடக்கும் மாநில முகாமுக்குப் போகலாம். பயல் அதுவரை பார்த்த ஒரே மலை, எங்கள் ஆலைக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் இரும்புக் கசடு மேடு. "சார், ஏலகிரில மேகம் ரோட்டு மேலயே வருமாம் சார்" என்று என்னிடம் சொல்லும்போது அவன் கண் பெரிதானது. ஐயோ பாவம் என்றிருந்தது எனக்கு.

அவன் அப்பா யார் என்று தெரிந்தபோது, பாவம் நான்தான் என்று புரிந்தது.

அந்த மனுஷன் எங்கள் ஆலையில் ரோலிங் மில் ஆபரேட்டர். என் கேண்டீனின் முதல் எதிரி. ஒரு தடவை என் சாம்பாரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் ரூமுக்குப் போய், "இதுல பாத்து தல சீவிக்கலாம் சார், அவ்ளோ தெளிவாக்கீது" என்று மேஜைமேல் வைத்தவர். நான் அவர் மகனுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கிறேன் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டிய அன்று, சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டிக்கொண்டே நின்றார். பின்னால் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

"மாஸ்டரே, நீயா எம்புள்ளைக்கு சமையல் சொல்லிக்குடுக்கற?"

"ஆமா, அதுக்கு இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. டெஸ்ட் அன்னிக்கு நானே வந்து துன்னு பாக்கறேன். வாயில வெக்கிற மாதிரி இருந்தா மலைக்குப் போவ கையெழுத்துப் போடுவேன். இல்லன்னா ஸ்கார்ஃப கழட்டிப் போட்டுட்டு லீவுல லேத்து பட்டறைக்குப் போவட்டும். நாலு காசுக்கு ஆவற வேலையாவது கத்துக்குவான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. கரண்டியாலேயே ஒன்று போட்டிருப்பேன், காண்ட்ராக்ட் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பள்ளி மைதானத்தில் மூன்று செங்கல் வைத்து, சவுக்குக் கட்டை எரித்து முதல் ஒத்திகை. என் கணக்கு சுலபமானது. நானூறை ஐம்பதால் வகுத்தால் எட்டு. அதேபோல் பருப்பை ஐம்பதால் வகுத்தேன், புளியை வகுத்தேன், உப்பை வகுத்தேன். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் என் அண்டாவில் ஒரு மணி நேரம் கொதித்தாலும் ஒரு விரல்கடைத் தண்ணீர்தான் குறையும். இந்தச் சின்னக் குண்டானில் கொஞ்ச நேரத்தில் பாதித் தண்ணீர் ஆவியாகிவிட்டது. உப்பு அத்தனையும் உள்ளேயே நின்றது. முதல் வாய் வைத்த பையன் எழுந்து குழாயடிக்கு ஓடினான். "சார், பழவேற்காட்டு ஏரித் தண்ணிய மொண்டுக்கினு வந்த மாதிரி கீது சார்" என்றான் இன்னொருவன். அந்தப் பையனுக்கு வீடு பழவேற்காடு, அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை தண்ணீரைக் கூட்டினேன். அந்த ரோலிங் மில் மனுஷன் தலை சீவிக்கொள்ளும் சாம்பார் வந்தது.

தலைவன் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "சார், நீங்க நடுவுல ருசி பாக்கவே மாட்டீங்களா சார்?"

"அடப்பாவி, எச்சில் பண்ணுவியா?" என்று கத்திவிட்டேன். எங்கள் கேண்டீனில் மசாலா அலமாரிக்கு மேலே அம்மன் படம் இருக்கிறது. இறக்கியதும் முதல் கரண்டி அந்தப் படத்துக்குமுன் கிண்ணத்தில். அதற்குமுன் நாக்கில் வைத்தால், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த என் அப்பா கையை உடைத்திருப்பார். கிண்ணத்தில் ஊற்றி முடிப்பதற்குள் ஆலைச் சங்கு ஊதிவிடும், கூட்டம் தட்டோடு வந்துவிடும். அப்புறம் ருசி பார்த்து என்ன ஆகப்போகிறது? ஆகவே நாங்கள் மூக்காலேயே சமைக்கிறவர்கள். வாசனை சரியாக இருந்தால் சாம்பார் சரி.

"இங்க அம்மன் படம் இல்லியே சார்" என்றான் பையன். அதோடு விட்டானா? கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு என் கண்ணெதிரே நக்கினான். முகத்தைச் சுளித்தான். குண்டானைப் பார்த்து யோசித்தான். வெந்த பருப்பு இன்னும் ஒரு கை, வெல்லம் ஒரு சிட்டிகை. மறுபடியும் உள்ளங்கை, மறுபடியும் நாக்கு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கடைசியில் சாப்பிட்டுப் பார்த்தேன். பேஜாராகிவிட்டது. என் பொடிதான், என் பக்குவம்தான், ஆனால் அது சாம்பாராக இருந்தது.

டெஸ்ட் நாளன்று திருவள்ளூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், அந்த வயதிலும் அரைக்கால் சட்டை, பளபளக்கும் ஷூ. சொல்லிக்கொடுத்தவர் அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று சுண்ணாம்பில் கோடு போட்டு, என்னை ஆட்டை நிறுத்துவதுபோல் அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார். பையனின் அப்பா ஷிப்ட் முடிந்து, கம்பெனி யூனிபார்மோடு, முகத்தில் கரியோடு வந்து என் பக்கத்தில் நின்றார். கட்டை ஈரம், ஒரே புகை. பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே உள்ளங்கையில் விட்டு விட்டு நக்கிக்கொண்டிருந்தான்.

தேர்வாளர் சாப்பிட்டார், தலையாட்டினார், பேட்ஜ் கிடைத்துவிட்டது. அது யாருக்கு வேண்டும்? எல்லார் கண்ணும் அப்பா கையில் இருந்த தட்டின்மேல். ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். அப்புறம் தட்டை மகன்முன் நீட்டினார். பையன் ஊற்றினான். அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு விரலைச் சப்பினார்.

"இது கேண்டீன் ருசி இல்லியே, யார்றா சொல்லிக்குடுத்தா? உங்கம்மாவா?"

எனக்குப் போன உயிர் வந்தது. ஆமாம் என்று சொல்லிவிடடா கண்ணா, கதை முடிந்தது, நீ ஏலகிரி போகலாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று புருவத்தைத் தூக்கினேன், தலையை ஆட்டினேன், உதட்டால் 'அம்மா, அம்மா' என்று காட்டினேன். அந்தக் கிறுக்குப் பயல் என்னைப் பார்த்தான், கழுத்து ஸ்கார்ஃபைத் தொட்டுப் பார்த்தான். சாரணன் பொய் சொல்ல மாட்டானாம். எவன் கற்றுக்கொடுத்தானோ இதையெல்லாம்!

"மாஸ்டர் சார்தான் நைனா. கேண்டீன்ல போடறாரே, அதே பொடிதான். நான் நடுநடுவுல ருசி பாத்தேன், அவ்ளோதான்."

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். போச்சு, மலையும் போச்சு, மேகமும் போச்சு, பயல் லேத்து பட்டறைக்குத்தான் போகப் போகிறான் என்று நினைத்தேன்.

"யோவ் மாஸ்டரே" என்றார். "அப்ப உனக்கு சமைக்கத் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் இத்தினி வருஷமா எங்களுக்கு அத்த ஊத்திக்கினு கீற?"

பி.டி. வாத்தியார் சிரிப்பை அடக்க விசிலை வாயில் வைக்க, அது கீச்சென்று ஊதிவிட்டது. அப்பா மகன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சாம்பார் மணக்கும் கையோடு முகாம் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு வரிசையில் அவர் தட்டை நீட்டும்போதெல்லாம் ஒரே கேள்வி. அதுவும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ருசி பாத்தியா?" அம்மனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே உள்ளங்கையில் விட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். வேறு வழி?

பையன் ஏலகிரி போயிருந்த வாரம் ஒரு மத்தியானம் அவர் கடைசி ஆளாக வந்தார். வழக்கமான கேள்வி வரவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னா அண்ணே, கேக்கலியா?"

"அது கெடக்குது. அங்க குளுராமே. அவன் இன்னாத்த துன்றானோ, தெரில."

"அவன்தான் அண்ணே அங்க எல்லாருக்கும் சமைக்கிறான். பி.டி. வாத்தியார் போன் பண்ணாரு."

அவர் தட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "அப்ப நல்லாத்தான் துன்னுவான்" என்று சொல்லிவிட்டு, தட்டை என்னிடம் நீட்டினார். "ஊத்து."