என் காதை நம்பியவர்

எனக்குப் பாட்டுப் பிடிக்கும். காதில் விழுந்தால் கூடவே முணுமுணுப்பேன், அடுப்பு வேலை அலுப்பில்லாமல் நடக்கும். அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது. நான் பிறந்த போலகத்தில் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்தான் எங்களுக்கெல்லாம் பாட்டு. அது எந்தக் கம்பெனி, எத்தனை வாட்ஸ் என்றெல்லாம் யார் கேட்டார்கள்? இப்படிப்பட்ட என்னைத்தான் என் வீட்டுக்காரர் "அபாரமான காது" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நானும் வாயை மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சுமந்தேன். மற்றவர்கள் புருஷனிடம் என்னென்னவோ மறைப்பார்கள். நான் மறைத்தது இதை.

அவர் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். காலையில் நாங்கள் குடியிருந்த கோவில்பத்திலிருந்து பைக்கில் கிளம்பினால் சாயங்காலம் டீசல் வாடையோடு வருவார். குளித்து, ஒரு டீ குடித்துவிட்டு, பாட்டு செட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதன் பிறகு வீட்டில் இடி விழுந்தாலும் அவருக்குக் கவலை கிடையாது.

செட்டில் உசத்தி என்றால் அந்த இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ்தான். அவருடைய தாய்மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், ஊரில் எல்லாருக்கும் சொல்தா மாமா, பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய். பிள்ளைகளோடு இருக்கப் பிரான்சுக்கே போய்விடுவது என்று முடிவானபோது, அங்கிருந்து எப்போதோ கொண்டுவந்த பாக்ஸ் இரண்டையும் மருமகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இடுப்பு உயரம், கெட்டி மரம், பின்னால் பிரெஞ்சில் ஏதேதோ எழுதியிருக்கும். அதற்கான ஆம்ப்ளிஃபயர் மாமா கையிலேயே புகைந்து போயிருந்தது. அன்று பிடித்தது சனியன். இந்தப் பாக்ஸுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர் எது என்று தேடியே அந்த மனுஷனின் பாதி ஆயுசு போனது.

"பாக்ஸு படகு மாதிரி, ஆம்ப்ளிஃபயரு இன்ஜினு மாதிரி. படகு பெருசு, இன்ஜினு சின்னதுன்னா கரையிலேர்ந்து கிளம்பும், அலையில நிக்காது. மாமா குடுத்த பாக்ஸு நாலு ஓம்ஸு, கரண்ட்டக் குடிக்கும். நம்ம கடையில விக்கிறதெல்லாம் எட்டு ஓம்ஸுக்குப் போடுறது" என்று எனக்குப் பாடம் எடுப்பார். நான் கீரை ஆய்ந்துகொண்டே "ம், ம்" என்பேன்.

தேர்வு நடக்கும் விதம் இது. கடையிலிருந்து இரண்டு ஆம்ப்ளிஃபயரை வாங்கி வருவார். இரண்டு பாக்ஸுக்கும் சரிநடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நான். ஒரே பாட்டை ஒன்றில் போட்டுவிட்டு, ஒயரைக் கழற்றி மற்றதில் மாட்டி, மறுபடியும் போடுவார். "இது ஒண்ணு. இது ரெண்டு. எது நல்லாருக்கு, சொல்லு. அட்டையில போட்டிருக்குறத நம்பக் கூடாது, காதத்தான் நம்பணும்" என்பார்.

முதல் தடவை உள்ளதைச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு." ஐயோ, அந்த மூஞ்சி தொங்கிப்போனதைப் பார்க்க வேண்டுமே! கோபம்கூட இல்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அப்படி ஒரு ஏமாற்றத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை. தன்னோடு சேர்ந்து கேட்க ஆள் இருக்கிறது என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது.

அடுத்த தடவை நான் பாட்டைக் கேட்கவில்லை, அவரைப் பார்த்தேன். பிடித்தது ஓடும்போது வாய் லேசாகத் திறந்துகொள்ளும். பிடிக்காதது ஓடும்போது பிடரியைச் சொறிவார். அவ்வளவு சுலபம். "ரெண்டாவதுங்க" என்றேன். "பாத்தியா! பாத்தியா! நான் நினைச்சேன், நீயும் அதையே சொன்ன" என்று குதித்தார். அன்றிலிருந்து நான் தப்பியதே இல்லை.

துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார். கருக்களாச்சேரியிலிருந்து ஒரு படகுக்காரர் புது ஆம்ப்ளிஃபயரைத் துண்டில் சுற்றி, பைக்கில் வைத்து எடுத்து வந்தார். "அண்ணி, நீங்க ஒரு தடவ கேட்டுச் சொல்லிட்டீங்கன்னா போதும், திருப்பிக் குடுக்குறதா வச்சுக்குறதான்னு முடிவு பண்ணிருவேன்" என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடுவதுபோல் மூடி, ஓரக்கண்ணால் இவர் பிடரியைப் பார்த்தேன். "வேணாங்க, திருப்பிக் குடுத்துருங்க" என்றேன். இவர் பெருமையில் பூரித்துப்போனார். பொய்தான். ஆனால் எனக்கும் அது பிடித்திருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என்னிடம் ஆண்கள் வந்து யோசனை கேட்பது வேறு எதற்கு?

நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டிலிருந்த ஆம்ப்ளிஃபயரை உப்புக்காற்று தின்றுவிட்டது. உள்ளே போர்டெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆள் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒன்று பெரியது, இரண்டு பேர் தூக்க வேண்டும். மற்றது சின்னது, நீல விளக்கு எரியும். நாலு ஓம்ஸுக்கும் ஓடும் என்று அதன் அட்டையில் போட்டிருந்தது.

வழக்கம்போல் நாற்காலி. பெரியதைப் போட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சின்னதைப் போட்டார். அப்போதும் ஒன்றுமில்லை. வாயும் திறக்கவில்லை, கையும் பிடரிக்குப் போகவில்லை. அது மட்டுமில்லை, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. இன்னொரு தடவை போடச் சொன்னேன். மறுபடியும் அதே வெற்று முகம். ஏதோ ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? சின்னதைக் காட்டினேன்.

"நீ சொன்னா சரி" என்று பெரியதை அன்றே திருப்பி அனுப்பிவிட்டார். வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வருஷம் துறைமுகத்தில் அவர் விரல் நுனி போனது. படகுக்குள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை "அண்ணே, கைய எடுங்க" என்று கத்திவிட்டு டிரைவர் இன்ஜினைக் கிளப்பியிருக்கிறார். பெல்ட் இழுத்துவிட்டது. அந்த டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார். "ரெண்டு தடவ கத்துனேங்க அண்ணி. திரும்பவே இல்லைங்க."

கைக்குக் கட்டுப் போட்ட பிறகு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். டக் டக்கென்று தூக்கினார். காது நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நிம்மதி வந்தது. அதற்குள் பட்டனை அழுத்தும் பெண் எழுந்து, "ஐயா, என் கையப் பாத்துச் சொல்லாதீங்க" என்று அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். அதன் பிறகு அவர் விரல் எழவே இல்லை. எப்போதோ ஒன்று, எப்போதோ ஒன்று. நான் காலமெல்லாம் செய்த வேலையை அவர் அங்கே செய்துகொண்டிருந்தார்.

"வருஷக்கணக்கா இன்ஜின் பக்கத்துலயே இருந்திருக்கார்ல, மெல்லிசு சத்தமெல்லாம் போயி ரொம்ப நாளாச்சும்மா. கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, மேளம், இடி மாதிரி. அதுவும் பக்கத்துல, பலமா இருந்தாத்தான்" என்றார் டாக்டர்.

திரும்பும்போது அரசலாற்றுப் பாலத்தருகே பைக்கை நிறுத்தினார். இறங்கி, என்னைப் பார்க்காமல் சொன்னார். "எனக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபயரு எடுத்தமே, அப்பவே தெரியும். ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. யாருகிட்ட சொல்றது? இன்ஜின் சத்தத்த வச்சே பழுதுபாக்குறவன், காது போச்சுன்னு வெளியில தெரிஞ்சா எவன் கூப்புடுவான்? அதான் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னேன். நீ இருக்க, உன் காது இருக்குன்னு ஒரு தெம்பு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மனுஷனிடம் அன்றைக்கு மிச்சம் இருந்தது என் காது ஒன்றுதான். அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. "ஆமாங்க, நான் இருக்கேன்ல" என்று அவர் காதருகே கத்திச் சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறிக்கொண்டேன்.

காதில் மாட்டும் மெஷின் வாங்கினோம். பேச்சுக்கு உதவியது. பாட்டுக்கு வைத்தால் கரகரவென்று இருக்கிறது என்று கழற்றிவிடுவார். சாயங்காலம் பாக்ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் பலகைமேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். நான் எதிரே நாற்காலியில். இரைந்துதான் கேட்பார்.

"வயலினு தனியாத் தெரியுதா?"

தெரிகிறது என்று தலையாட்டுவேன்.

"மேளம் நல்லா விழுதா?"

விழுகிறது என்று தலையாட்டுவேன்.

"எனக்குக் கைக்கு வர மாட்டேங்குதே. முன்னயெல்லாம் பலகை அதிரும். கட்டுப் போட்டதுலேர்ந்து கையும் மரத்துப்போச்சு போல" என்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வால்யூமைக் கூட்டுவார். அப்போதும் இல்லை என்று உதட்டைப் பிதுக்குவார். மறுபடியும் என்னிடம், "உனக்கு விழுதுல்ல?" என்பார். விழுகிறது என்பேன். அப்படியானால் கோளாறு தன் கையில்தான் என்று முடிவு செய்துகொண்டு கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு நாள் சொன்னேன். கொல்லையில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், மெஷின் அலமாரியில் இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வாய்விட்டுச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன், எல்லாமே." அவர் பாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

போன ஐப்பசியில், அடைமழையில், நெஞ்சுவலி என்றார். ஆஸ்பத்திரியில் இரண்டே நாள். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிவாகப் பேசினார். "செட்ட யாருக்கும் குடுத்துராத. தினம் போட்டுக் கேளு. உனக்குத்தான் காது இருக்கே" என்றார். அடப்பாவி மனுஷா! சாகும்போதுமா அதைச் சொல்ல வேண்டும்?

அவர் சொன்னதற்காகத் தினமும் போட்டேன். தை பிறந்ததும் ஒரு பக்கம் கொரகொரவென்றது. ரிப்பேர் கடை ஆளைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒயரைச் சரிசெய்தார், கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டார். பாக்ஸைத் திருப்பிப் பின்பக்க எழுத்தைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தப் பாக்ஸுக்கு இந்த ஆம்ப்ளிஃபயரு பத்தவே பத்தாதும்மா. மேல் சத்தம் வரும், கீழ்ச்சத்தத்துக்கு இதுல வலு இல்ல. மேளமெல்லாம் சொத்தையாத்தான் விழும். இந்தப் பாக்ஸுக்குன்னேதான் நான் அந்தப் பெருச அன்னைக்குத் தூக்கிட்டு வந்தேன். அண்ணனுக்கு இது தெரியாம இருக்காதே, யாரு சொல்லி இத எடுத்தாரு?"

"நான்தான்" என்றேன்.

அவர் முகம் உடனே மாறியது. "ஓ, நீங்க கேட்டுச் சொன்னதாம்மா? அப்ப சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் புடிபடல" என்று பாக்ஸைப் பழையபடி திருப்பி வைத்தார்.

அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. "தம்பி, எனக்குக் காதும் இல்ல, ஒண்ணும் இல்ல. சின்னதா இருக்கே, தூசி தட்ட லேசா இருக்கும்னு எடுத்தேன்" என்றேன். அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு, அந்தப் பெரிய பெட்டியை ஒருவரும் எடுக்கவில்லை, கடையில்தான் கிடக்கிறது, நாளைக்குக் கொண்டுவந்து மாட்டிக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கொண்டுவாங்க என்றேன்.

மறுநாள் ஆட்டோவில் கொண்டுவந்து மாட்டினார். என் வீட்டுக்காரர் எப்போதும் போடும் பாட்டைப் போடச் சொன்னேன். பாக்ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் பலகைமேல் உள்ளங்கையை வைத்தேன். மேளம் நேராகக் கையில் வந்து விழுந்தது. ஒவ்வொரு அடியும், முழங்கை வரைக்கும். எனக்கே தெரிந்தது.