சாமை காணாமல் போன நாள்

உள்ளங்கையில் ஒரு பல்லிக்குட்டி நடந்து போனால் எப்படி இருக்கும் என்று கேட்டால், மழை விட்ட பிறகு புளியமரத்தடியில் நிற்கும்போது பொடி இலைகள் ஒவ்வொன்றாகக் கையில் விழுந்து ஒட்டுவதுபோல இருக்கும் என்றுதான் சொல்வேன். அவ்வளவு சில்லென்று, அவ்வளவு லேசாக. எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில் பெண்பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றில் தங்கி நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, என் தகரப் பெட்டிக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை போலக் கிடந்த முட்டையிலிருந்து அது வெளியே வந்தது. வீட்டில் ஆடும் கோழியும் அண்ணன்மார் பொறுப்பில் இருந்ததால், என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய்த்த முதல் உயிர் அதுதான். எங்கள் கொல்லையில் விளையும் சாமையைப் போலப் பொடிசாக இருந்ததால் "சாமை" என்றே பேர் வைத்தேன்.

வளர்க்கத்தான் தெரியவில்லை. அகன்ற வாய் பாட்டில் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் சாமையை விட்டு, மேலே துணி போட்டு என் தலை ரிப்பனால் கட்டினேன். சோற்றுப் பருக்கை வைத்தேன், வெல்லம் வைத்தேன், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு ஒட்டிப்போனதைக் கண்டு நான் அழுதபோது பக்கத்துப் பாய்க்காரி குப்பு, "ஓடறதத்தான்டி அது துன்னும், சோத்தப் போட்டா இன்னா பண்ணும்?" என்றாள். அன்றிலிருந்து விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பிடிப்பது எங்கள் இருவருக்கும் சாயங்கால வேலையாயிற்று. தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது, பாட்டிலின் உள்பக்கம் துளித் துளியாகத் தெளித்தால் நாக்கை நீட்டி நக்கும் என்பதையும் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஒருநாள் அதன் உடம்பெல்லாம் சாம்பல் பூத்ததுபோல வெளுத்துவிட, செத்துப்போகப் போகிறது என்று நான் சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கையில், அது தன் தோலை வாயாலேயே இழுத்து உரித்து நிதானமாகத் தின்று முடித்தது. "நமக்கும் இப்படி இருந்தா துணி தொவைக்கிற வேலையே இல்ல" என்று குப்பு பெருமூச்சு விட்டாள்.

மார்கழிக் குளிர் இறங்கியதும் சாமை அசையாமல் கிடக்க ஆரம்பித்தது. கொஞ்சம் சூடு பட்டால் சரியாகும் என்று நினைத்து, காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது பாட்டிலைக் கொண்டுபோய்ச் சமையல்கட்டில், அடுப்புக்கு மேலே இருந்த மாடத்தில் வைத்துவிட்டுப் போனேன். அன்றைக்குக் கறிக்குழம்பு, மாதத்தில் ஒருநாள்தான் அந்த வாசனை விடுதியில் எழும்பும். மத்தியானம் எல்லோரும் தட்டோடு வரிசையில் நிற்க, நான் மட்டும் மாடத்தை எட்டிப் பார்த்தேன். ரிப்பன் அவிழ்ந்து கிடந்தது, பாட்டில் காலி. நேர் கீழே, மூடியில்லாமல், குழம்பு அண்டா.

சமையல் செய்யும் ராஜம்மா அக்காவிடம் ஓடினேன். "அக்கா, சாமையக் காணோம்!"

"ஆஸ்டலுக்கு ஏதுடி சாமை? நான் போடறது ரேசன் அரிசி."

"அது இல்லக்கா... பல்லி. நான் வளக்கற பல்லி."

அக்கா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அய்யய்யோ, பல்லி வுழுந்த கொழம்ப நாய்க்குக்கூட ஊத்தக்கூடாதும்பாங்களே!"

வார்டன் டீச்சர் வந்தார். பல்லி கிடைக்கும்வரை யாரும் சாப்பிடக்கூடாது, கிடைக்காவிட்டால் குழம்பைக் கொட்டிவிட வேண்டியதுதான் என்றார். வரிசை முழுக்க ஒரே விசும்பல். அக்கா குழம்பைக் கரண்டி கரண்டியாக மொண்டு, வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து இன்னொரு அண்டாவில் ஊற்றினாள். குழம்பில் கிடைத்தால் சாமை போயிற்று, கிடைக்காவிட்டால் சந்தேகத்திலேயே குழம்பு போயிற்று. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் நின்றேன்.

பாதி அண்டா காலியான நேரத்தில், உள்ளே எட்டிப் பார்க்க டீச்சர் குனிந்தார். ஓட்டுக் கூரையின் சட்டத்திலிருந்து என்னவோ ஒன்று "சொத்" என்று அவர் வலது தோளில் விழுந்தது.

"ஆடாதீங்க டீச்சர்!" என்று கத்தினாள் அக்கா. "வலது தோள்ல வுழுந்தா வெற்றிங்க! ரொம்ப நல்ல பலனுங்க!"

டீச்சர் கண்ணை மட்டும் உருட்டி, "பலன் இருக்கட்டும், மொதல்ல இத எடுங்க" என்றார். நான் எக்கி, இரண்டு கைகளாலும் சாமையைப் பொத்தி எடுத்தேன். "வாலு இருக்குதா பாரு, அறுந்து கொழம்புல கெடக்கப் போவுது!" என்று அக்கா பதறினாள். வால் முழுசாக இருந்தது. அதை உயர்த்திக் காட்டியதும் எழுந்த கூச்சலில் மைதானத்துக் காக்கைகள் பறந்தன.

சாப்பாடு முடிந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அடிதான் விழும் என்று போனேன். "சமையக்கட்டும் வேணாம், பாட்டிலும் வேணாம். செவுத்துல வுடு, அது பொழச்சிக்கும்" என்றார். சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் மனசில்லாமல்தான் விட்டேன். சாமை தயங்காமல் மேலே ஏறி, விளக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் உதவி இல்லாமலே ஒரு பூச்சியைப் பிடித்தது. எனக்கு அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. பரீட்சை வருவதற்குள் அது வளர்ந்து, சுவரிலிருந்த மற்றப் பல்லிகளில் எது என்னுடையது என்று அடையாளம் தெரியாமல் போனது. அதனால் எந்தப் பல்லி கத்தினாலும் "சாமை சொல்லுது" என்று பிள்ளைகள் எல்லோரும் தரையைத் தட்டினார்கள்.

இப்போது அந்த ஓட்டுக் கட்டடம் இல்லை. அதே இடத்தில் மாடி வைத்த விடுதி, கேஸ் அடுப்பு, மூடி போட்ட பாத்திரங்கள். டீச்சரும் ராஜம்மா அக்காவும் காலமாகிவிட்டார்கள். அன்று தட்டோடு நின்றவர்களில் குப்பு ஒருத்தியைத்தான் எனக்கு இன்னும் தெரியும். ஒடுகத்தூரில் பூக்கடை வைத்திருக்கிறாள். போனமுறை போனபோது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பூ வாங்க வந்த அம்மாளிடம், "இவளாலதாங்க நாங்க எல்லாரும் ஒருநாள் பட்டினி கெடக்கப் பாத்தோம்" என்று ஆரம்பித்தாள். அந்த அம்மாள் பஸ்ஸை விட்டுவிட்டு முழுக் கதையும் கேட்டுத்தான் போனார்.