நிற்காத நடவுப் பாட்டு

திருப்பதியில் நான் பியானோ சொல்லித்தரும் பள்ளியில் ஆண்டு விழா என்றால் சினிமாப் பாட்டுதான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இந்த வருடம் எங்கள் பிச்சாட்டூர்ப் பக்கத்து நடவுப் பாட்டைத்தான் போடுவேன் என்று பிடிவாதமாக நின்றேன். கரஸ்பாண்டென்ட் முகம் சுளித்தார்.

"இது நல்லா வந்தா பியானோ ரூம் உங்களுக்கு மேடம். சொதப்பிச்சுன்னா அபாகஸ் கிளாஸுக்கு. அந்தே."

அவர் 'அந்தே' என்றுவிட்டால் அவ்வளவுதான், மேல்பேச்சு கிடையாது. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். ஒரே மெட்டு, பிள்ளைகளுக்குத் தக்கபடி. பொடிசுகளுக்குக் கீபோர்டில் வலது கை மட்டும், விரல் இடம் மாறாமல். கொஞ்சம் பழகியவர்களுக்கு இரண்டு கையும். பெரிய வகுப்புப் பெண் ஒருத்திக்குப் பியானோவில், பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் கார்ட்ஸோடு முழுப் பாட்டும், கடைசியில் மெதுவாக்கி முடிக்கும் வேலையும். அந்த முடிவு நானாகச் சேர்த்தது. கழனியில் அந்தப் பாட்டு, வேலை இருக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

மேடையில் நன்றாகத்தான் போனது. முடிக்க வேண்டிய இடத்தில் பெரியவள் கூட்டத்தைப் பார்த்துவிட்டாள். போச்சு! மறுபடி முதல் அடிக்கே போய்விட்டாள். பொடிசுகளுக்கு ஒரே குஷி, கூடவே கிளம்பிவிட்டார்கள். அடுத்த சுற்றிலும் அதே கதை. திரை ஓரத்திலிருந்து நான் கையைக் காலை ஆட்டுகிறேன், ஒருத்தராவது திரும்பிப் பார்க்கணுமே! முன்வரிசையில் கரஸ்பாண்டென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எங்கள் ஊரில் கடைசி நாற்றை நட்டதும் யாராவது ஒருத்தி கோவிந்தா போடுவாள். எல்லோரும் கூடவே போட்டுவிட்டுத்தான் கரையேறுவோம். அது எப்படி என் வாயில் வந்ததோ, தொண்டை கிழியக் கத்தினேன்.

"கோவிந்தா!"

திருப்பதிக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? மொத்த அரங்கமும் "கோவிந்தா... கோவிந்தா!" என்றது. மிரண்டுபோன பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையை எடுத்துவிட்டார்கள். பாட்டு நின்றது. கைத்தட்டல் அடங்கவே இல்லை.

பெரியவள் அழுதுகொண்டே ஓடிவந்தாள். "முடிக்கிறதையே மறந்துட்டேன் டீச்சர். சுத்திக்கினே இருந்தேன்."

"கண்ணைத் தொடைடி, சார் வராரு."

கரஸ்பாண்டென்ட் நேராக என்னிடம் வந்தார். "ஆடியன்ஸையே சேர்த்து முடிச்சீங்களே மேடம், பிளான் சூப்பர்!"

"ஆமாங்க சார்" என்றேன், முகத்தை மாற்றாமல். அவர் அந்தப் பக்கம் போனதும் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது! பியானோ ரூமைப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் கொடுக்காமல் என் பையிலேயே போட்டுக்கொண்டேன்.