முன்பின் தெரியாதவர் அனுப்பியது

அவளுடைய முகம் யாருக்கும் தெரியாது. குரல் தெரியாதவர் அந்த நகரத்தில் இல்லை. பேருந்துக்குள் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது அவள். மருத்துவமனையில் அடுத்த நோயாளியை அழைப்பது அவள். லிஃப்டில் "மூன்றாம் தளம், கதவு திறக்கிறது" என்பவளும் அவள்தான். வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்துக் காத்திருப்பவர்களை அவள் எச்சரித்துக்கொண்டிருப்பாள்: "முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் எதையும் திறக்காதீர்கள்." குடியிருப்புப் பிள்ளைகள் அவளுக்கு லிஃப்டு அத்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்தால் யாராவது ஒருவர் தன்னை அறியாமல் வரிசையில் போய் நின்றுவிடுவார்.

முதலில் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்க "அடுத்தவர் வாங்க" என்று சொல்ல வேண்டும். ஒலிபெருக்கியைச் சரிபார்க்க வந்த ஒலிப்பதிவாளர் அதைக் கேட்டுவிட்டு, "யாரும்மா இது, சுவத்துல எழுதி வச்ச மாதிரி பேசுறது" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தத் தெளிவு பயிற்சியால் வந்ததல்ல. அக்காவால் வந்தது. அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சின்ன வயதிலிருந்து இவள் அக்காவின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டே போவாள்: படி, இன்னொரு படி, இங்கே கதவு, இங்கே தண்ணீர் கொட்டியிருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்பாள். விளக்கில்லாத அறைவாசலில் "உள்ள என்ன இருக்குன்னு தெரியல" என்பாள். அக்கா அங்கேயே நின்றுவிடுவாள்.

கல்யாணம் இருவருக்கும் அமையவில்லை. அதற்காக இருவரும் அலட்டிக்கொள்ளவுமில்லை. ஐந்தாம் தளத்தில் ஒரே வீடு. அக்காவுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவில் வேலை. தனியாகத்தான் போய்வருவாள். பேருந்தில் தங்கையின் குரல், லிஃப்டில் தங்கையின் குரல். "வீட்ல உம்முன்னு இருக்க. ஊரெல்லாம் என்கூடப் பேசிக்கிட்டே வர்ற. எதுடி நிஜம்?" என்று கேலி செய்வாள்.

வானத்திலிருந்து செய்தி வந்தபோது ஊரே தெருவில் நின்று மேலே பார்த்தது. எங்கோ ஒரு நட்சத்திரத்தின் பக்கத்திலிருந்து யாரோ அனுப்பியிருந்தார்கள். செய்தியின் தொடக்கம் சிறியது. எண்களும் அவர்கள் இருக்கும் திசையும். அதைப் படித்துவிட்டார்கள். மீதி மிக நீளம். கணினியில் ஏற்றினால் தானே ஓடக்கூடிய கட்டளைகள் என்பது மட்டும் புரிந்தது. எதற்கான கட்டளைகள் என்று புரியவில்லை. அதைப் பூட்டி வையுங்கள் என்று சில விஞ்ஞானிகள் சொன்னார்கள். தொலைக்காட்சியில் அவர்களுக்குப் பயந்தாங்கொள்ளிகள் என்று பட்டம் கட்டினார்கள். ஒற்றைக் கணினியில் அது ஒன்றும் செய்யாமல் கிடந்தது. எண்ணற்ற கருவிகள் சேர்ந்தால்தான் ஓடுமாம். அதனால் எல்லோருடைய கைபேசியிலும் அதை ஏற்றுவதென்று முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தவர்களுக்கு, அதைச் சொல்ல ஜனங்கள் நம்பும் ஒரு குரல் வேண்டியிருந்தது.

ஒலிப்பதிவு அறையில் அரசு அதிகாரி ஒருவர் அவளிடம் ஒரு தாளை நீட்டினார். "தூரத்து நண்பர்கள் பேசுகிறார்கள். உங்கள் கைபேசியில் இதைத் திறந்து வையுங்கள். பயப்பட எதுவுமில்லை."

"நண்பர்கள்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் எடுத்துக்கிறோம் மேடம்."

"செய்தியில இருக்கா?"

"இல்ல. ஆனா இவ்வளவு தூரத்துலேருந்து மெனக்கெட்டு அனுப்பியிருக்காங்க. கெட்டவங்க மெனக்கெடுவாங்களா?"

"அவங்கதான் மெனக்கெடுவாங்க. வங்கிக்காரங்க பக்கம் பக்கமா எழுதிக் கொடுத்து என்னைப் படிக்க வச்சது அதைத்தானே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் சிரிப்பை அடக்க இருமினார்.

"திறந்தா இது என்ன செய்யும்?"

"ஓடினாத்தான் தெரியும்."

"ஓட ஆரம்பிச்சப்புறம் நிறுத்த முடியுமா?"

அதிகாரி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். குடிக்காமல் மறுபடி மூடினார். "மேடம், உங்க வேலை வாசிக்கிறது."

"'இது என்ன செய்யும்னு எங்களுக்குத் தெரியாது.' இந்த ஒரு வரியைச் சேருங்க. இப்பவே வாசிக்கிறேன்."

"அப்படிச் சொன்னா யாரு திறப்பாங்க?"

"நானும் அதைத்தான் கேக்கறேன்."

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தாள். இந்த மாதிரி ஆட்கள் ஒருவரின் சம்மதத்தை ஒரு மரியாதைக்குத்தான் கேட்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு மாலை பேருந்துக்காக நின்றிருந்தபோது தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் அவள் குரலே பேசியது: தூரத்து நண்பர்கள் பேசுகிறார்கள். ஒவ்வொரு வார்த்தையும் எங்கே பேசியது என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "பயப்பட எதுவுமில்லை" ஊசி போடும் அறைக்காக அவள் பேசியது. "நண்பர்கள்" மிருகக்காட்சிசாலைக்காக: விலங்குகள் நம் நண்பர்கள், கல்லெறியாதீர்கள். அவள் பேசியே இராத வார்த்தைகளை இயந்திரத்தை விட்டு அவள் குரலில் செய்து இடையில் சேர்த்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தாள்.

"திறக்காதீங்க," என்றாள் இவள்.

அந்தப் பெண் ஒலிபெருக்கியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "இப்பத்தானே திறக்கச் சொன்னீங்க," என்றாள்.

ஒலிப்பதிவாளரைக் கைபேசியில் கூப்பிட்டாள். "வேணாம்னு நானும் சொல்லிப் பார்த்தேம்மா. பதிவெல்லாம் அவங்க சொத்தாம்."

"சரிண்ணே. இந்தத் தொண்டையையும் வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

பேருந்து வரும்வரை நிற்கவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தாள். அக்கா சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய கைபேசி மேசைமேல் கிடந்தது. தொட்டாள். இஸ்திரிப் பெட்டிபோல் சுட்டது.

"அக்கா, இதைத் திறந்தியா?"

"காலையிலேயே. எங்க ஆபீஸ்ல எல்லாரும் யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க. என் தங்கச்சி சொல்றா, அப்புறம் என்னய்யா யோசனைன்னு நான்தான் முதல்ல திறந்தேன். அப்புறம் எல்லாரும் திறந்துட்டாங்க." அக்காவின் குரலில் பெருமை இருந்தது.

அணைக்கும் பொத்தானை அழுத்தினாள். திரை அணையவில்லை. இன்னும் அழுத்தமாக அழுத்தினாள்.

"அது நான் சொல்லல அக்கா."

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"குரல் என்னோடதுதான். சொன்னது நான் இல்ல. வெட்டி ஒட்டியிருக்காங்க."

"அப்ப இது என்ன செய்யும்?"

"தெரியல."

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

மறுநாள் அதிகாரியின் அறைக்குப் போய், அறிவிப்பிலிருந்து தன் குரலை எடுக்கச் சொல்லிக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார். "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே மேடம்," என்றார்.

ஒன்றும் ஆகவில்லையாம். ஊரிலுள்ள கைபேசிகளெல்லாம் சூடேறி, யாருக்கும் தெரியாத ஏதோ கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தன. அனுப்பியவர் யார், என்ன வேண்டும் அவருக்கு என்று சொல்ல ஆளில்லை. இவர் அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று பெயர் வைத்திருந்தார்.

அன்று மாலை அக்காவை மருத்துவமனையிலிருந்து இவளே கூட்டிவந்தாள். பேருந்தில் தங்கையின் குரல் பெயரைச் சொன்ன பிறகும் அக்கா ஒவ்வொரு நிறுத்தத்திலும் பக்கத்தில் இருந்தவரிடம் இது எந்த இடம் என்று கேட்டாள். லிஃப்டில் ஏறினார்கள்.

"ஐந்தாம் தளம். கதவு திறக்கிறது."

அக்கா அசையவில்லை.

"நம்ம தளம்தான். இறங்கு," என்றாள் இவள் பின்னாலிருந்து.

அக்கா தலையைத் திருப்பினாள். "யாரு சொல்றது?"

இவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள். எந்தக் குரலில் சொல்வது. அக்கா ஒரு காலை மட்டும் வெளியே நீட்டித் தரையைத் தடவினாள். பிறகு கையை நீட்டிச் சுவரைத் தேடினாள். "கதவு மூடுகிறது," என்றது லிஃப்ட். இவள் தோளைக் கொடுத்துக் கதவைத் தடுத்து நின்றாள், அக்காவின் விரல்கள் சுவரில் புடைத்திருந்த தள எண்ணைக் கண்டுபிடிக்கும்வரை.