நானா கொடுக்காமல் போன முதல் துண்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். படிப்பவர்கள் எங்கள் இஸ்லாமிய மார்க்கத்தைக் குறை சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஆனாலும் ஐஸ் பெட்டியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அந்த டொக்டர் பிள்ளையின் முகம் மனதைவிட்டுப் போகவில்லை.

என் மூத்த அண்ணன், நானாவுக்குப் பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடை. சிறுநீரில் இரத்தம் போவதை வெட்கப்பட்டு மறைத்து வந்தார். கடைசியில் சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி என்று தெரிந்து கண்டியில் சேர்த்தோம். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவர் கட்டிலில் இருந்தபோது, யாழ்ப்பாணத்து இளம் பெண் டொக்டர் பிள்ளை ஒருவர் வந்து, வெட்டும் கட்டியில் சிறு துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டார்.

“வெளியால பாத்தா ஒரே கட்டி ஐயா. உள்ளுக்க கலங்கள், அதுதான் செல்கள், பல வகை. சிலது மருந்துக்குச் சாகும், சிலது பதுங்கி நிண்டு திரும்ப வளரும். நாங்கள் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியா எடுத்து, அதின்ர மரபணுவைப் படிக்கிறம்.”

“அப்ப எங்கட குடும்பம் மாதிரித்தான் மகள்! வெளிய ஒரே மூஞ்சி, உள்ளுக்கு ஆளுக்கொரு கொணம்” என்று நானா சிரித்தார். பிறகு, துண்டைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டார். உடம்பிலிருந்து வெட்டியதை வெள்ளைத் துணியில் சுற்றி அடக்குவது எங்கள் வழக்கம். படித்து முடித்தால் மிச்சமிருக்காது என்றார் டொக்டர் பிள்ளை. “ஹஸரத்திட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் பதிலச் செல்றேன்” என்றார் நானா.

எங்கள் பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லித்தரும் ஹஸரத், ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு நிக்காஹ் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மலைக்குள் ஃபோன் எடுபடவில்லை. மறுநாள் நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகுதான் பேசினார்: “நோயப் படிக்கத்தானே? தாராளமாக் குடுங்க, அதுவும் ஸதக்காதான், தர்மந்தான்.”

நான் ஓடிப்போய், வராந்தாவில் ஐஸ் பெட்டியோடு நின்ற டொக்டர் பிள்ளையிடம் சொன்னேன். காலையிலேயே ஒப்பரேஷன் முடிந்திருந்தது. சம்மதம் வராததால் கட்டி முழுவதும் வழக்கமான பரிசோதனைப் போத்தலுக்குப் போய்விட்டதாம். அந்த மருந்துத் தண்ணீரில் கலங்கள் செத்துவிடும். அவர்களுக்கோ உயிருள்ள கலங்கள்தான் வேண்டும்.  டொக்டர் பிள்ளை வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மருந்து ஏற்றியும் கட்டி திரும்ப வந்தது. இந்த முறை வெட்டும் முன்னமே நானா முந்திக்கொண்டு சம்மதக் கையெழுத்து வைத்தார். சில மாதம் கழித்து என்ன கண்டீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். பதுங்குகிற வகைதான் நிறைய என்றார் டொக்டர் பிள்ளை. அவை தொடக்கத்திலேயே இருந்தனவா, மருந்துக்குப் பிறகு உண்டானவையா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் முதல் துண்டு இல்லை.

“அரைக் கததானே குடுத்திருக்கேன்” என்றார் நானா.

“அது கிடைச்சிருந்தாலும் உங்கட வைத்தியம் மாறியிராது ஐயா. பிறகு வாற ஆக்களுக்குத்தான் உதவியிருக்கும்.”

“அதுக்குத்தான் மகள் கவலப்படுறேன்.”

அந்தக் கவலையோடுதான் வபாத்தாகி இறைவனிடம் போனார். அல்லாஹ் அவருடைய நல்ல எண்ணத்தை, நிய்யத்தை ஏற்றுக்கொள்வானாக.

இதை மற்றவர்களுக்குச் சொல்கிறவர்கள் நடந்தபடியே சொல்லுங்கள். துண்டைக் கொடுத்திருந்தால் நானா பிழைத்திருப்பார் என்று சேர்க்க வேண்டாம். ஹஸரத் தடுத்தார் என்றும் சொல்ல வேண்டாம். கொடுக்க நானாவுக்கு மனம் இருந்தது. கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது.